நிழலுலகமும் காட்சிக்கூடமும்: யுத்தத்துக்குப் பிந்திய ஜப்பானியக் கலையில் ஒரு மரபு

2016-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், டோக்கியோவின் ஷிஞ்ஜுகு வட்டாரத்திலுள்ள கபுகிச்சோ என்னும் இரவுக் கேளிக்கைப் பேட்டையில், இடிப்பதற்கென்று நிச்சயிக்கப்பட்டுவிட்ட ஒரு பழைய கட்டடத்துக்குள், சிம்-பொம் என்னும் கலைஞர் குழுவினர் ஒரு கண்காட்சியை அமைத்தார்கள். பேட்டையின் கடைக்காரர் சங்கத்துக்குரிய அந்தக் கட்டடம், டோக்கியோவில் முதல் ஒலிம்பிக் பந்தயம் நடந்த 1964-ஆம் வருஷத்தில் எழும்பியது. இரண்டாவது பந்தயத்தை முன்னிட்டு நகரம் புதுக்கோலம் பூண்டுகொண்டிருந்த வேளையில் அதன் ஆயுள் முடிவுக்கு வந்தது. கலைஞர்கள் மேல்தளங்களின் கான்கிரீட்டைச் சதுரமாக அறுத்தெடுத்து, அறுபட்ட பாளங்களைத் தரைத்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தந்தத் தளத்தில் எஞ்சிக் கிடந்த சாமான்களை அவற்றின் இடையிடையே நசுங்கியபடி விட்டுவைத்தார்கள். மேலே நிற்பவர் காலடியில் திறந்திருந்த குழியின் விளிம்பிலிருந்து குனிந்து பார்த்தபோது, அரை நூற்றாண்டுக்கால வாழ்வின் அடுக்குகள் ஒரே நோக்கில் அவர் கண்ணில் பட்டன. இன்னோர் இடத்தில், அந்தப் பேட்டையின் உடல்வணிகத் தொழிலில் பிழைத்துவந்த ஓர் இளம்பெண்ணின் நிழலுருவம், கட்டட வரைபடங்களைப் பிரதி எடுக்கும் நீலத்தாளில் பதிந்து கிடந்தது. காட்சி முடிந்ததும் கட்டடத்தோடு கலைப்பொருள்களும் இடிபடவேண்டும் என்பதே ஏற்பாடு.

பார்வையாளரைச் சுவருக்கு வெளியே நிறுத்தாமல் தன்னுள்ளே அமிழ்த்திக்கொள்ளும் இத்தகைய கண்காட்சிகள் உலகெங்கும் இன்று பெருகியிருக்கின்றன. அவற்றிற் பல, இருட்டறையில் ஒளிப்படலங்களை நான்கு பக்கமும் பாய்ச்சிக் கண்ணுக்கு விருந்தளிப்பதோடு திருப்தி அடைந்துவிடுகின்றன. யுத்தத்துக்குப் பிந்திய ஜப்பானிய நிழலுலகம், அதாவது யாகுசாக்கள் எனப்படும் குற்றக் கும்பல்காரர்களும் சூதாடிகளும் கள்ளச்சந்தைக்காரர்களும் இரவுத் தொழில் செய்யும் பெண்களும் சேர்ந்த அந்தத் தனி உலகம், இவ்விதக் காட்சிகளுக்கு ஓயாது விஷயமாகிவருகிறது. பச்சை குத்திய முதுகு, மின்விளக்குப் பலகைகள், மழையில் நனைந்த சந்து என்று அதன் வெளித்தோற்றம் மிகச் சுலபமாகக் கைக்கு அகப்படுவது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் துணிபு. அந்த நிழலுலகம் பிறந்த காலத்தில், ஜப்பானிய ஜனசமூகம் முழுவதுமே பசியின் நிமித்தம் அதற்குள் காலெடுத்து வைத்திருந்தது; வேடிக்கை பார்ப்பவன் என்று வெளியே ஒருவனும் மிஞ்சியிருக்கவில்லை. அந்தப் பசியின் நினைவைச் சுமக்கும் கலைக்கும், உடையை மட்டும் கடன்வாங்கும் கலைக்கும் உள்ள வேற்றுமையைச் சரித்திரத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி, சக்கரவர்த்தி தம் குரலாலேயே வானொலியில் சரணாகதியை அறிவித்தார். 60-க்கு மேற்பட்ட நகரங்கள் விமானத் தாக்குதலில் எரிந்து கிடந்தன. கடல் கடந்த பிரதேசங்களிலிருந்து 60 லட்சத்துக்கு மேற்பட்ட போர்வீரர்களும் குடிமக்களும் திரும்பிவர வேண்டியிருந்தது. அறிவிப்பு வெளியாகி ஐந்தே நாள்களில், ஷிஞ்ஜுகு ரயில் நிலையத்தின் பக்கத்தில், கினோசுகே ஓசு என்பவரின் ஆதரவில் ஒரு சந்தை திறக்கப்பட்டது. ஓசு, திருவிழாக்களிலும் கோயில் வாசல்களிலும் கடைவிரிக்கும் நடைபாதை வியாபாரிகளின் தலைவர். அவ்வியாபாரிகளைத் தெகியா என்பது வழக்கம். ராணுவத்துக்குப் பண்டம் செய்துகொண்டிருந்த தொழிற்சாலைகள் திடீரென்று வேலையற்றுப் போனதைக் கண்டு, அவற்றின் சரக்கைத் தாமே வாங்கிக்கொள்வதாகப் பத்திரிகையில் அவர் விளம்பரம் செய்தார். அதன் பயனாக, வாள் செய்யும் உலோகம் சமையற் கத்தியாகவும், தலைக்கவசம் பாத்திரமாகவும் உருமாறிச் சந்தைக்கு வந்தன. இருண்ட நகரத்தில் அந்த இடத்தில் மட்டும் வரிசையாக விளக்குகள் எரிந்தன. ஷிஞ்ஜுகுவிலிருந்தே வெளிச்சம் புறப்படும் என்பது சந்தையின் கோஷம். அரசாங்கத்தின் நிர்வாகம் நிலைகுலைந்து நின்ற அந்த நாள்களில், இடத்தைப் பங்கிட்டு வாடகை வசூலித்து ஒழுங்கைக் காத்தவர்கள் சட்டத்துக்குப் புறம்பான இந்தத் தலைவர்களே என்பது வியப்புக்குரியதாயினும் உண்மை. ஷிம்பாஷி, ஷிபுயா, உவேனோ, இகெபுகுரோ என்று ரயில் நிலையங்கள் இருந்த இடமெல்லாம் இத்தகைய சந்தைகள் முளைத்தன.

ஏன் ஜனங்கள் அங்கே போனார்கள் என்பதற்கு விடை எளிது. பங்கீட்டு அரிசி ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கிராம் என்பது சட்டம். அதுவும் வேளைக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் அரிசியாகக் கிடைப்பதில்லை. அரசாங்கம் தரும் பங்கீட்டை மட்டும் தின்று ஒருவன் உயிர்வாழ முடியாது என்பதை ஒரு நீதிபதி தம் உயிரைக் கொடுத்தே நிரூபித்தார். டோக்கியோவில் நீதிபதியாயிருந்த யோஷிததா யமகுச்சியின் முன்னால், கள்ளச்சந்தையில் அரிசி வாங்கிய குற்றத்துக்காக ஏழைகள் அன்றாடம் நிறுத்தப்பட்டார்கள். அவர்களைத் தண்டிக்கும் தாம் அதே குற்றத்தைச் செய்வது தர்மமாகாது என்று கருதி, கள்ளச்சந்தை உணவைத் தொடுவதில்லையென்று அவர் விரதம் பூண்டார். கிடைத்த பங்கிலும் பெரும்பகுதியைத் தம் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுத்தார். 1947-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், தமது 33-ஆம் வயதில், ஊட்டக்குறைவால் அவர் இறந்துபோனார். சட்டத்தைக் காத்தவர் மாண்டார், மீறியவர்கள் பிழைத்தார்கள் என்னும் இந்தக் கொடிய நிலையை மனத்தில் வாங்கிக்கொள்ளாதவர், பின்னாளில் ஜப்பானியர்கள் திரைப்படத்து யாகுசாவை ஏன் அவ்வளவு வாஞ்சையோடு பார்த்தார்கள் என்பதை அறிந்துகொள்ளவே முடியாது.

இந்த உலகத்தில் மூன்று வகையார் கலந்திருந்தார்கள். தாயமும் சீட்டும் நடத்திய பழைய சூதாடிகள் பகுத்தோ எனப்பட்டனர். சந்தைக் கடைக்காரர்களாகிய தெகியாக்கள் மற்றொரு வகை. யுத்தத்துக்குப் பிறகு தோன்றிய, பழைய ஆசாரங்கள் ஏதுமற்ற இளம் ரௌடிக் கூட்டங்கள் மூன்றாவது. ஜப்பானிய ஏகாதிபத்தியத்தின் கீழ் கட்டாய உழைப்புக்காகவும் பிழைப்புக்காகவும் வந்து, யுத்தம் முடிந்ததும் எந்த நாட்டுப் பிரஜை என்பதே தெளிவில்லாத நிலையில் விடப்பட்ட கொரியர்களும் தைவானியர்களும், வேறு வேலை கிடைக்காமையால் இந்தச் சந்தைகளையே நம்பி வாழ்ந்தார்கள். 1946-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஷிபுயாவில் தைவானிய வியாபாரிகளுக்கும், போலீசாருக்கும் யாகுசாக் கும்பலுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டையே மூண்டது. பிறப்பால் இழிந்தவர்கள் என்று காலங்காலமாக ஒதுக்கப்பட்ட புராகுமின் சமூகத்து இளைஞர்களும் பலர் இக்கும்பல்களில் சேர்ந்தனர். ஆகவே, நிழலுலகம் என்று நாம் பேசுவது குற்றவாளிகளின் கதை மட்டுமன்று. ஒரு சமூகம் தன் வாசலுக்கு வெளியே யார் யாரை நிறுத்திவைத்தது என்பதன் கதையுமாகும்.

கலைஞர்கள் இதைக் காணத் தாமதிக்கவில்லை. 1946-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்திலேயே ஆங்கோ சகாகுச்சி என்னும் எழுத்தாளர், வீழ்ச்சியைப் பற்றிய தமது பிரசித்தமான கட்டுரையை வெளியிட்டார். தேசபக்தி வீரர்கள் கள்ளச்சந்தைக்காரர்களாகவும், வீரர்களின் விதவைகள் வேறு காதலைத் தேடுகிறவர்களாகவும் மாறுவதைக் கண்டு பதறவேண்டியதில்லை, பொய்யான லட்சியங்களிலிருந்து முற்றிலும் வீழ்ந்த பிறகே மனிதன் தன்னைக் கண்டுகொள்வான் என்பது அவர் வாதம். அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின் அகிரா குரோசவா எடுத்த ‘குடிகாரத் தேவதை’ என்னும் படத்தின் நடுவில், கள்ளச்சந்தைத் தெருவின் மத்தியில், குப்பையும் கூளமும் மிதக்கும் ஒரு சாக்கடைக் குட்டை கிடக்கிறது. காசநோய் பிடித்த இளம் யாகுசாவும் அவனைத் திருத்தப் பாடுபடும் குடிகார வைத்தியரும் திரும்பத் திரும்ப அந்தக் குட்டையின் கரைக்கே வருகிறார்கள். யாகுசா வாழ்வின் போலித்தனத்தை அம்பலப்படுத்துவதே குரோசவாவின் உத்தேசம். ஆனால் அந்த வேடத்தில் நடித்த தொஷிரோ மிஃபுனேயின் அபாரமான உடற்கவர்ச்சி இயக்குநரின் கட்டுக்குள் நிற்கவில்லை என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கண்டிக்கப் புகுந்த கலை, கண்டிக்கப்படுபவனின் அழகில் மயங்கிவிடும் இந்த அபாயம், அன்று தொடங்கி இன்றைய கண்காட்சிகள் வரை தொடர்ந்து வருகிறது.

பச்சை குத்தும் கலையைப் பற்றி இங்கே சிறிது சொல்லவேண்டும். நீர்விளிம்பு வீரர்கள் 108 பேரின் சீனக் கதையை உதகாவா குனியோஷி என்னும் சித்திரக்காரர் 1827 முதல் மரப்பாள அச்சுச் சித்திரங்களாக வெளியிட்டபோது, வீரர்களின் உடல்களில் அவர் தீட்டிய நாகங்களும் மலர்களும் இன்று டோக்கியோ எனப்படும் எடோவின் தொழிலாளர்களையும் தீயணைப்போரையும் மயக்கித் தங்கள் தோலிலும் அவற்றை ஏற்றிக்கொள்ளச் செய்தன. மேனாட்டார் கண்ணுக்கு அநாகரிகமாய்ப் படும் என்று அஞ்சி மெய்ஜி அரசாங்கம் 1872-இல் அதைத் தடை செய்தது. தடை நீங்கியது 1948-இல், அமெரிக்க ஆக்கிரமிப்பின் போதுதான். கையால் ஊசி பிடித்து முதுகு முழுவதும் எழுதி முடிக்க வருஷங்கள் ஆகும். வலியும் பணமும் பொறுமையும் கொடுத்து வாங்கிய அந்தச் சித்திரத்தை யாகுசா சட்டைக்குள்ளே மறைத்தே வைக்கிறான். சுவரெங்கும் அதைப் பெரிதாக்கி ஒளிரவிடும் இன்றைய காட்சிகளில், மறைப்பு என்னும் அதன் உயிர்நாடியே காணாமற்போகிறது.

கபுகிச்சோவின் பிறப்பும் கவனிக்கத் தக்கது. குண்டு விழுந்து சாம்பலான அந்தப் பகுதியில் கபுகி நாடகசாலை ஒன்றை எழுப்பிக் குடும்பத்தோடு வந்து களிக்கத்தக்க ஒரு கலைப் பேட்டையாக அதை ஆக்கவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் திட்டமிட்டு, அந்த நம்பிக்கையில் 1948-இல் அதற்குப் பெயரும் சூட்டினார்கள். நாடகசாலை வரவேயில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ரயில் நிலையத்தருகே இருந்த கள்ளச்சந்தைக் கடைகளை ஆக்கிரமிப்பு அதிகாரிகளின் உத்தரவால் அகற்றியபோது, கடைக்காரர்களுள் ஒரு பகுதியினர் ஹனசோனோ ஆலயத்தின் பின்புறத்துக்குப் பெயர்ந்தார்கள். அங்கே கீழே மதுக்கடையும் மேலே அனுமதியற்ற உடல்வணிகமுமாக நடந்துவந்தது. 1956-இல் இயற்றப்பட்ட தடைச் சட்டம் 1958-இல் முழு அமலுக்கு வந்ததும் மேல்மாடிகள் காலியாயின. ஆறேழு பேர் உட்கார்ந்தாலே நிரம்பிவிடும் இருநூறுக்கு மேற்பட்ட மதுக்கடைகளாக, ‘தங்கச் சந்து’ என்னும் பெயரில் எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கூடும் இடமாக அது மாறியது.

1960-களில் ஜப்பான் செல்வம் கொழிக்கத் தொடங்கியது. அதே காலத்தில், 1963-ஆம் வருஷத்துப் போலீஸ் கணக்கின்படி, யாகுசாக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 1,84,000 என்னும் உச்சத்தைத் தொட்டது. அந்த வருஷமே தோயெய் திரைப்பட நிறுவனம் ‘நிங்க்யோ’ படங்கள் என்னும் புது வகையைத் தொடங்கிற்று. பழைய தர்மத்தைக் காக்கும் சூதாடி, பணத்தாசை பிடித்த புதிய கும்பலின் அநியாயங்களையெல்லாம் சகித்துச் சகித்து, முடிவில் தன்னந்தனியாகவோ ஒரே ஒரு துணையோடோ வாளேந்தி இரவில் நடந்து செல்வான். கோஜி ட்சுருதாவும் கென் தகாகுராவும் இவ்வேடங்களில் ஜனங்களின் நெஞ்சைக் கொள்ளைகொண்டார்கள். இந்தப் படங்களை நடுநிசிக் காட்சிகளில் விழுந்து விழுந்து பார்த்தவர்களுள், பல்கலைக்கழகங்களைக் கைப்பற்றிப் போலீசாரோடு போராடிக்கொண்டிருந்த இடதுசாரி மாணவர்களும் இருந்தார்கள்; அவர்களுக்கு நேர்மாறான கொள்கையுடைய எழுத்தாளர் யூகியோ மிஷிமாவும் இருந்தார். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் 1968-ஆம் வருஷத்துக் கொமாபா விழாவுக்காக, அப்போது மாணவராயிருந்த ஒசாமு ஹஷிமொடோ வரைந்த சுவரொட்டியில், நமக்கு முதுகு காட்டி நிற்கும் யாகுசாவின் தோலில், அப்பல்கலைக்கழகத்தின் சின்னமான கிங்கோ இலை பச்சை குத்தப்பட்டிருக்கிறது. தோற்கப்போவது தெரிந்தும் போர்க்களம் புகுகிறவனாகத் தன்னைக் கண்ட ஒரு தலைமுறையின் மனநிலையை அந்த ஒரு சித்திரம் சொல்லிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் நம் விஷயத்தின் கரு இருக்கிறது. 1967-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், ஜூரோ காரா என்னும் இளம் நாடகாசிரியர், ஹனசோனோ ஆலயத்தின் முற்றத்தில் ஒரு சிவப்புக் கூடாரத்தை அடித்தார். உவேனோவை அடுத்த மன்னெஞ்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். எரிந்த நகரமும், பெண்வேடமிட்ட ஆண்களும், கள்ளச்சந்தையும் அவருடைய பால்யத்தின் அன்றாடக் காட்சிகள். கபுகி நடிகர்களைப் பழங்காலத்தில் ஆற்றங்கரைப் பிச்சைக்காரர்கள் என்று மேட்டுக்குடியினர் இகழ்ந்த அந்தப் பெயரையே கௌரவமாக ஏற்றுக்கொண்டு, ஐரோப்பிய நாடகங்களை நயத்தோடு நடித்துவந்த நவீன நாடகசாலைகளுக்கு அவர் சவால் விடுத்தார். கூடாரத்துக்குள் நாற்காலி கிடையாது. தரையில் விரித்த பாயில், முன்பின் அறியாதவர்களின் முழங்காலோடு முழங்கால் இடிக்க, வியர்வையில் ஊறி ஜனங்கள் உட்கார்ந்தார்கள். வெளியே செல்லும் வண்டிகளின் ஓசை நாடகத்துக்குள் நுழைந்தது. முடிவில் கூடாரத்தின் பின்திரை விலக, நிஜமான ஷிஞ்ஜுகுவின் இரவு மேடையாகிவிடும் ஓர் உத்தியைப் பிற்பாடு அவர் தம் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார். ஆலயத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும், 1969-ஆம் வருஷம் ஜனவரியில், அனுமதி மறுக்கப்பட்ட ஒரு பொதுப் பூங்காவில், கலகத் தடுப்புப் போலீசார் சூழ்ந்து நிற்க, சிவப்புக் கூடாரம் எழுந்து நாடகம் முழுவதும் நடந்து முடிந்தது. அதன் பிறகே காரா கைது செய்யப்பட்டார். பார்வையாளனை அமிழ்த்தும் கலை என்று இன்று நாம் எதைச் சொல்கிறோமோ, அது அந்தக் கூடாரத்தில் யந்திரத்தின் உதவியே இல்லாமல் பூரணமாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். பார்க்க வந்தவன் சட்டத்தின் எல்லைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தான். அதை அவன் உடம்பு அறிந்திருந்தது.

காராவின் குழுவுக்குச் சுவரொட்டிகள் தீட்டியவர் தடனோரி யொகோ. 1936-இல் ஹியோகோ மாகாணத்து நிஷிவாக்கி என்னும் நெசவு நகரத்தில் பிறந்த அவர், சீட்டுக்கட்டுப் படங்களும் துணிக்கட்டு முத்திரைகளும் சிறுவர் பத்திரிகைச் சித்திரங்களும் நிறைந்த ஒரு கிராமிய ரசனையைக் கூச்சமில்லாமல் நகரத்துக்குக் கொண்டுவந்தார். 1966-இல் ‘வெட்டுண்ட சுண்டுவிரலுக்கு ஒரு கதைப்பாடல்’ என்று பெயர் வைத்து, யாகுசாவின் பிராயச்சித்தச் சடங்கையே விஷயமாக்கி ஒரு சுவரொட்டி படைத்தார். கதிர் விரிக்கும் சூரியன், ஃபுஜி மலை, அதிவேக ரயில், ரோஜா என்று தேசத்தின் பெருமைச் சின்னங்களெல்லாம் அவருடைய சித்திரங்களில் மலிவான வர்ணங்களில், மரணத்தோடும் காமத்தோடும் கைகோத்துத் தோன்றும். நவீன ஜப்பான் தன் ரசனையை மேனாட்டு முறையில் சலவை செய்துகொண்டிருந்த காலத்தில், சலவைக்கு முந்திய அழுக்கில் அவர் சௌந்தர்யத்தைக் கண்டார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1972-இல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நடைபாதைச் சுவருக்காகப் பிறந்த சித்திரம் அருங்காட்சியகச் சுவருக்குப் போன அந்தப் பயணத்தில் ஏதோ ஒரு சூடு குறைந்துபோயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

நாடகாசிரியர் ஷூஜி தெராயாமா காராவைவிட இன்னும் ஒரு படி மேலே சென்றார். 1975-ஆம் வருஷம் ஏப்ரலில் அவருடைய குழு டோக்கியோவின் சுகினாமி வட்டாரம் முழுவதையும் மேடையாக்கி, 30 மணி நேரம் நீடித்த ‘கதவைத் தட்டுதல்’ என்னும் நாடகத்தை நடத்தியது. பார்வையாளர் கையில் ஒரு வரைபடம் மட்டும். பொதுக் குளியலறையிலும் குடியிருப்பு வாசலிலும் எதிர்பாராத சம்பவங்கள் நிகழ்ந்தன. நாடகம் என்றே அறியாத குடும்பங்களின் கதவுகள் தட்டப்பட்டபோது புகார் எழுந்து போலீசார் வந்தார்கள். பிறருடைய அமைதியைக் கேட்காமல் பறிக்கக் கலைக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அன்று எழுந்தது நியாயமே. அந்தக் கேள்வியில் நான் தெராயாமாவின் பக்கம் முழுமனத்தோடு நிற்க இயலாதவன்.

இவர்களுக்கெல்லாம் நேர்மாறான அடக்கத்தோடு அதே தெருக்களில் வேலை செய்தவர் கட்சுமி வதனாபே. 1960-களின் நடுவிலிருந்து கபுகிச்சோவில் இரவுதோறும் காமிராவோடு சுற்றி, யாகுசாக்களையும், மதுக்கடைப் பெண்களையும், பெண்வேடமிட்ட ஆண்களையும், வேலைதேடி வந்த நாட்டுப்புறத்து இளைஞர்களையும் அவர்கள் விரும்பியபடியே நிறுத்திப் படமெடுத்து, மறுநாள் மூன்று படங்களை 200 யென்னுக்கு அவர்களுக்கே விற்றுப் பிழைத்தார். கலைக்கூடத்தை நினைத்து அவர் எடுக்கவில்லை. வாங்குகிறவர் தம்மை எப்படிக் காண ஆசைப்பட்டாரோ அப்படி அந்தப் படம் இருந்தாகவேண்டும். ஆகையால் அங்கே யாரும் யாரையும் வேவு பார்க்கவில்லை. கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டு, தோளை நிமிர்த்தி, தகாகுராவைப் போல் ஒரு பார்வை பார்க்கிற அந்த இளைஞன், திரைப்படத்திலிருந்து வாழ்க்கையையும் வாழ்க்கையிலிருந்து திரைப்படத்தையும் மாறி மாறிக் கடன்வாங்கும் நிழலுலகத்தின் முழு ரகசியத்தையும் தன் நிற்கும் பாவனையிலேயே வெளியிட்டுவிடுகிறான். நிழலுலகத்தைப் பற்றிய கலைகளுள் எதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன் என்று கேட்டால், இந்தச் சிறு படங்களையே சொல்வேன்.

நிங்க்யோ படங்கள் வளர்த்த வீரப் பிரமையைத் திரையிலேயே உடைத்தவர் இயக்குநர் கின்ஜி ஃபுகசாகு. 1930-இல் பிறந்த அவர், பதினைந்து வயதில் ஆயுதத் தொழிற்சாலையில் கட்டாய வேலை செய்தபோது கப்பற்படைக் குண்டுவீச்சில் மாண்ட தம் சக மாணவர்களின் உடல்களை அப்புறப்படுத்தும்படி நேர்ந்தவர். 1973-இல் வெளியான அவருடைய ‘தர்மமற்ற யுத்தங்கள்’ என்னும் படம், அணுகுண்டின் புகைக்காளானில் ஆரம்பித்து நேரே குரே என்னும் துறைமுக நகரத்தின் கள்ளச்சந்தைக்குள் விழுகிறது. சிறைவாசம் அனுபவித்த ஓர் உண்மையான யாகுசாவின் நினைவுக் குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு கசுவோ கசஹாரா எழுதிய அந்தக் கதையில் மானமும் இல்லை, விசுவாசமும் இல்லை. முதியவர்கள் இளைஞர்களைக் காட்டிக்கொடுத்துத் தாங்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கையில் பிடித்த காமிரா கூட்டத்தில் இடிபட்டுக் குலுங்குவதால், பார்ப்பவனும் அந்த நெரிசலில் மிதிபடுகிறான். யுத்தத்துக்கு இளைஞர்களை அனுப்பிய பெரியவர்களையே ஃபுகசாகு அந்தக் கும்பல் தலைவர்களில் கண்டார் என்று கொள்வது பொருந்தும்.

அதற்குப் பிறகு யதார்த்த நிழலுலகம் தேய்ந்தது. 1992-இல் அமலுக்கு வந்த வன்முறைக் கும்பல் தடுப்புச் சட்டமும், 2011-க்குள் நாட்டின் எல்லா மாகாணங்களும் இயற்றிக்கொண்ட விலக்கு விதிகளும், யாகுசா ஒருவன் வங்கிக் கணக்குத் தொடங்குவதையும் வீடு வாடகைக்கு எடுப்பதையும்கூட அரிதாக்கிவிட்டன. அவர்கள் தொகை இன்று 20,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. மனிதர்கள் குறையக் குறையப் பிம்பங்கள் பெருகின. 2005-இல் சேகா நிறுவனம் வெளியிட்ட ‘டிராகனைப் போல’ என்னும் கணினி விளையாட்டு, கபுகிச்சோவை வேறு பெயரில் சந்து சந்தாக மறுபடி கட்டியது. அந்த ஊரில் கால் வைக்காத லட்சக்கணக்கானோர் அதன் முடுக்குகளை அறிவார்கள். 2023-ஆம் வருஷம் ஏப்ரலில், பழைய திரையரங்கு நின்ற இடத்தில் 48 மாடிகளும் 225 மீட்டர் உயரமும் உடைய கபுகிச்சோ கோபுரம் திறக்கப்பட்டது. அதன் உணவுக்கூடம், மின்விளக்குப் பலகைகளும் திருவிழா ஆரவாரமுமாக, பழைய குடிக்கடைச் சந்தின் சாயலில் அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே உண்டு களிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அச்சமோ பசியோ கடனோ இல்லாத ஒரு சந்து, எத்தனை வர்ணங்களில் ஒளிர்ந்தாலும், எந்தச் சந்தின் நினைவாகும்?

அதே 2023-ஆம் வருஷம் செப்டம்பரில், அந்தக் கோபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், கோட்டை போன்ற முகப்புடைய ஓஜோ கட்டடத்தில், சிம்-பொம் குழுவினர் மற்றொரு கண்காட்சி நடத்தினார்கள். அதுவும் 1964-இல் எழுந்த கட்டடமே. இசை கேட்கும் காப்பிக் கடையாகத் தொடங்கிக் குடிக்கடை, பாட்டுக்கூடம் எனப் பல வாழ்வுகள் வாழ்ந்து, பெருந்தொற்றுக் காலத்தில் மூடிக்கிடந்தது. கபுகி மேடையின் அடியில் நடிகர்களையும் அரங்கப் பொருள்களையும் மேலே தூக்கும் இருண்ட பாதாள அறையைத் தங்கள் கருப்பொருளாக அவர்கள் கொண்டு, கபுகி நடிகர் உகோன் ஓனோயேயின் ஒத்துழைப்போடு அதைப் படைத்தார்கள். நாடகசாலையே வராமல் பெயரை மட்டும் பெற்ற ஒரு பேட்டைக்கு மேடையின் அடிப்பகுதி மட்டும் வந்து சேர்ந்தது போன்ற அந்தக் கற்பனை என்னைப் பெரிதும் கவர்கிறது. முந்திய வருஷந்தான், மோரி கலை அருங்காட்சியகத்தில் நடந்த தங்கள் பெருங்கண்காட்சிக்கு, கபுகிச்சோவில் சட்டப்படி இரவு விடுதிகள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் பொருளுதவியை அருங்காட்சியகம் தன் மதிப்பைக் கருதி ஏற்கவில்லை என்று குழுவினர் தெரிவித்து, அந்நிறுவனத்தின் பெயரையே தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரவுப் பேட்டையின் பிம்பத்தைச் சுவரில் ஏற்றத் தயங்காத கலையுலகம், இரவுப் பேட்டையின் பெயரை நன்றிப் பலகையில் எழுதத் தயங்குகிறது என்றால், அந்தப் பிம்பத்தை அது எதற்காக விரும்புகிறது என்று கேட்பது கடமையாகிறது.

கட்டடத்தின் தரையை அறுத்துக் காட்டிய கலைஞர்களை நான் மதிப்பதற்குக் காரணம், அவர்கள் பிம்பத்தை விட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதே. ஆயினும் இந்த மரபில் ஒரு பெருங்குறை இன்னும் நீங்கவில்லை. சந்தைகளை நடத்திய கொரியர்களும் தைவானியர்களும், அவற்றின் பாரத்தை உடலாலேயே சுமந்த பெண்களும், இத்தனை காட்சிகளிலும் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கிறார்கள். நடுவிடம் வாளேந்திய ஜப்பானிய ஆடவனுக்கே கிடைத்துவருகிறது. வழி இல்லாமலில்லை. 1972-ஆம் வருஷத்தில், சர்வாதிகார ஆட்சியின் கீழிருந்த சியோல் நகரத்துக்கே காரா தம் குழுவைக் கூட்டிச் சென்று, கடலின் இருகரைகளையும் இணைக்கும் ‘இரு நகரக் கதை’யைக் கொரியர்களின் முன் நடித்தார், அடுத்தடுத்த வருஷங்களில் வங்காள தேசத்துக்கும் பாலஸ்தீன அகதி முகாம்களுக்கும் போனார். அவர் 2024-இல் காலமானார்; சிவப்புக் கூடாரம் இன்றும் வசந்தந்தோறும், முன்பு வெளியேற்றப்பட்ட அந்த ஹனசோனோ ஆலயத்திலேயே எழுகிறது. ஒசாகாவில் கள்ளச்சந்தையாகப் பிறந்து கொரியர்களின் கடைத்தெருவாக நிலைத்துவிட்ட ட்சுருஹாஷி சந்தையும், டோக்கியோவில் உவேனோவின் ரயில் பாதையை ஒட்டிய அமெயோகோ கடைத்தெருவும் இன்னும் வியாபாரம் நடத்திக்கொண்டிருக்கின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பங்களோடு சேர்ந்து, அவர்கள் சம்மதத்தோடும் அவர்கள் சொற்களோடும், அந்த இடங்களிலேயே ஒரு கண்காட்சி அமைய வேண்டும் என்பது என் விருப்பம்.